என் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பிஜித் தீவுக்குச் சபை ஊழியத்துக்குப் போனதிலிருந்து திங்கட்கிழமைதோறும் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உனக்கு அங்கே மதியம் பன்னிரண்டரை என்றால் எங்களுக்குக் காலை ஆறு. அம்மா அதற்கு வெகு முன்பே எழுந்து தலைவாரித் தயாராக இருப்பாள். பேச்சு முழுவதும் அவளுடையது. கடைசியில் ஃபோன் என் கைக்கு வரும்போது உன் பக்கத்தில் உன் ஊழியத் துணையான அந்த டோங்காத் தீவுப் பையன் சிரித்துக்கொண்டு கையசைக்கிறான். நானும் கையசைக்கிறேன், அத்துடன் முடிந்துவிடுகிறது. துணையின் கண்ணுக்கு மறைவாக நீ போகக் கூடாது என்பது உங்கள் விதி, தெரியும். அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். இருந்தாலும் மூன்றாம் மனிதனை வைத்துக்கொண்டு சொல்ல வராத பேச்சு அப்பாக்களுக்குச் சில உண்டு.

போன வாரம் இரண்டு விஷயம் சொன்னாய். "ஒன்றுமே நடக்கவில்லை அப்பா" என்றாய். பிறகு, அந்தப் பாட்டி வீட்டுக்குத் தொடர்ந்து போவதா வேண்டாமா என்று கேட்டாய். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் உன் நாள் எப்படிப் போகிறது என்று நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், பிசகு இருந்தால் திருத்து. ஆறரைக்கு எழுகிறாய். இதை நம் தெருவில் யாரும் நம்பவில்லை. உடற்பயிற்சி, குளியல், தனியாக வேதம், பிறகு இருவருமாகச் சேர்ந்து வேதம், அதன் பிறகு மொழி. பள்ளியில் ஒரு எழுத்துக்கூட ஹிந்தி படிக்காதவன் இப்போது தீவு ஹிந்தியில் சமையல் எண்ணெய் விலை பேசுகிறாய், காலத்தின் விளையாட்டு. அப்புறம் வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் சுலு என்ற பிஜி வேட்டி. கல்லூரி விழாவுக்கு வேட்டி கட்டச் சொன்னதற்கு, அவிழ்ந்துவிடும் என்று அழுதவன் நீ. பிஜிக்காரர்கள் அதில் பை வைத்துத் தைத்துக் கொடுத்து உன்னை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு வெளியே நடை, பஸ், மறுபடி நடை. கண்ணாடி இல்லாத ஜன்னல், மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுகிற பஸ். பஸ் நிலையத்தில் ரொட்டி பார்சல். சபைக் குடும்பங்கள் கூப்பிட்டால் மரவள்ளிக் கிழங்கு, சேம்பு, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. கூப்பிடாத நாளில் டின் மீனும் நூடுல்ஸும். இரவு ஒன்பதுக்கு வீடு, பத்தரைக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் பட்டியல் வரும். ஊர் மாறலாம், துணை மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். இந்த மாற்றல் பயத்தை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நானும் கம்பெனியில் வேலை பார்த்தவன்தான்.

உள்ளபடியே எனக்கு மனசு கேட்காத விதி ஒன்றுதான். சுற்றிலும் கடல், ஆனால் ஊழியக்காலம் முடியும்வரை நீந்தக் கூடாது. தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி உன்னை நீச்சல் பழக்கினேன். குடுக்கையை அவிழ்த்த அன்றே அடி மண்ணை எடுத்து வந்து காட்டினாய். அந்தப் பிள்ளை பசிபிக் கரையில் ஷூவைக் கழற்றாமல் நின்று புகைப்படம் அனுப்புகிறான். பாதுகாப்புக்காக என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும்.

முதல் ஞாயிறு உபவாசத்தில் உன் சபையோடு எனக்குத் தகராறே இல்லை. இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அந்தக் காசை இல்லாதவர்களுக்குக் கொடுப்பதில் யார் குறை காண்பார்? சஷ்டிக்கு நான் பட்டினி கிடக்கிறேன், காசு என் பையிலேயே இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றி அம்மாவோடு நடக்கும் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதை விடு.

இனி அந்தப் பாட்டி.

நீ சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் சொன்ன வேகத்தில் அதை நீயே சரியாகக் கேட்டிருக்க மாட்டாய். நீ இருக்கும் லம்பாசா ஊருக்கு வெளியே கரும்புக்காட்டு ஓரம் தகர வீடு. வாசலில் நின்றவள் உங்கள் இருவரையும் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு உன் சட்டையில் இருந்த கறுப்புப் பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சண்முகமா? மதராசியா?" என்று கேட்டாள். உள்ளே வரச் சொல்லிவிட்டாள்.

அங்கே எல்லாரையும் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக என் பெயரைப் போட்டோம். அதனால், ஊழியக்காரருக்கு உங்கள் சபை தரும் பட்டத்தோடு, நீ எல்டர் சண்முகம் ஆனாய். மருதமலைக்கு மாதம் தவறாமல் ஏறுகிற என் பெயர், அதன் கீழே பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. அம்மா கோபித்துக்கொண்டாள். இப்போது அவளும் சிரிக்கிறாள்.

பாட்டிக்குத் தமிழ் வராது. சோறு, ஆத்தா, அரோகரா, கோயிலில் பாடுகிற பாட்டில் பொருள் தெரியாத சில அடிகள், அவ்வளவுதான். நீ தமிழில் பேசப் பேச, புரியாமலே கேட்டுக்கொண்டிருந்தாள் என்றாய். உங்கள் வேதப் புத்தகத்தைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. போன முறை நீ அதை எடுத்தபோது, "அது இருக்கட்டும், இன்னும் பேசு" என்றாளாம். கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்களிடம் நேரத்தைச் செலவிடு என்று உங்கள் குழுத் தலைவர் சொல்கிறார். வாராந்தர அறிக்கையில் அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று உனக்குத் தெரியவில்லை.

லம்பாசாவை நான் வரைபடத்தில் பார்த்தபோது முதலில் தேடியது சர்க்கரை ஆலையை; நானும் ஆலைக்காரன் அல்லவா. நீ போவதற்கு முன்பே எனக்கு அந்த ஊரில் அறிமுகமானது அதுதான். 1894இல் ஓடத் தொடங்கிய ஆலை; ஆஸ்திரேலியாவின் காலனியல் சர்க்கரை ஆலைக் கம்பெனி கட்டியது, 1973இல் அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு பிஜி சர்க்கரைக் கழகத்தின் கையில் இருக்கிறது. அரவை நடு ஆண்டில் தொடங்கி ஏறக்குறைய ஆண்டுக் கடைசி வரை. லாரிகள் ஆலை வாசலில் இரவு முழுக்க வரிசையில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் எனக்குக் கரும்புச் சோகை வாடையே அடித்தது. வெட்டிய கரும்பு ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். அந்த நஷ்டம் விவசாயி தலையில்தான் விழும், இங்கேயும் அப்படித்தான்.

அந்தக் காட்டை அழித்துக் கரும்பு வைத்தவர்கள் யார் என்று உனக்குப் பயிற்சி மையத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இங்கிருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். முதலில் கல்கத்தா வழியாக மட்டும்; 1903இலிருந்து மதராஸ் துறைமுகம் வழியாகவும். நான்கில் ஒருவர் நம் பக்கத்து ஆள், அதிலும் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் வாயில் கிர்மிட் ஆயிற்று. இன்னொரு ஐந்து ஆண்டு இருந்தால் திரும்பக் கப்பல் பயணம் இலவசம். பெரும்பாலோர் திரும்பவில்லை. சிறு சிறு அறைகளாகத் தடுத்த லயங்கள், சர்தார் என்ற மேஸ்திரியின் சவுக்கு, அன்றைய வேலை முடியாவிட்டால் கூலி வெட்டு. 1920 ஜனவரி முதல் தேதியோடுதான் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அவர்களிடம் மிஞ்சியது என்ன? மொழி இரண்டு தலைமுறையில் கரைந்தது. சாதி கப்பலிலேயே பாதி கழன்றது, அதற்காக நான் அழ மாட்டேன். நாயுடு, கவுண்டர், பிள்ளை, ரெட்டி என்று பெயரின் வால் மட்டும் நின்றது. நீயே கடைப் பலகைகளில் பார்த்து எனக்குப் படம் அனுப்பினாய். நின்றது மாரியம்மனும் முருகனும்தான். கரும்புக்காட்டு நடுவே கோயில் கட்டிக் காப்புக் கட்டித் தீமிதித்தார்கள். 1926இல் சாது குப்புசாமி நாண்டியில் சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஆரம்பித்தார். அவர்கள் நடத்தும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன, உன் லம்பாசாவில் நர்ஸ் படிப்புக்கே ஒரு கல்லூரி வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு நிலம் அவர்களுடையது அல்ல. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி முப்பது ஆண்டுக் குத்தகை. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக முடிந்தது. 1987இலும் 2000இலும் ஆட்சிக் கவிழ்ப்பு. போக முடிந்தவர்கள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போனார்கள், பாட்டியின் மூத்த பிள்ளைகளும் போனார்கள். 2020 டிசம்பரில் யாசா புயல் வந்து அவள் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. லாரி ஓட்டுகிற கடைக்குட்டி மட்டும் கூட இருக்கிறான்.

தம்பி, உன் விசுவாசத்தை நான் கேலி செய்ததில்லை. அம்மா அந்தச் சபைக்குப் போகத் தொடங்கியபோதும் தடுக்கவில்லை, நீ காபியை விட்டபோது மட்டும் கொஞ்சம் புலம்பினேன். கேட்கிறவர்களுக்கு நீ நம்புவதைச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. யாராவது மனம் ஒப்பி ஞானஸ்நானம் எடுத்தால் அது அவருக்கும் உனக்கும் உங்கள் ஆண்டவருக்கும் நடுவே உள்ள விஷயம். ஆனால் எல்லாவற்றையும் பறிகொடுத்த பிறகு ஒரு குடும்பம் நூறு ஆண்டுக்கு மேல் இடுக்கிக் காப்பாற்றி வைத்திருப்பதை விடச் சொல்கிற வேலையைச் சண்முகம் என்ற பெயரைக் குத்திக்கொண்டு நீ செய்ய வேண்டாம். அவளாக ஒரு நாள் புத்தகத்தைக் கேட்டால் கொடு. கேட்கும்வரை அது பைக்குள் இருக்கட்டும்.

ஆனால் போவதை நிறுத்தாதே. ஆலையில் நான் கரும்பு அலுவலராக இருந்தபோது மேலதிகாரி மாலையில் கேட்கும் ஒரே கேள்வி, "இன்று எத்தனை ஏக்கர் பதிவு?" வறட்சி ஆண்டுகளில் பதிவுக்கு ஒரு கரணையும் இராது. அப்போதும் ஊர் ஊராகப் போனேன். போய் என்ன செய்தேன்? திண்ணையில் உட்கார்ந்தேன். மோட்டார் காயில் எரிந்த கதையைக் கேட்டேன். பெண்ணுக்குப் பார்த்த வரன் சரியா என்றார்கள், விசாரித்துச் சொன்னேன். டயரியில் எழுத அதில் எதுவும் இல்லை. வெட்டு உத்தரவு நேரத்தில் மட்டும் ஜீப்பில் வந்து இறங்குகிற அலுவலர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு ஏக்கர் கணக்கு என்னைவிட நன்றாகவே வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் தை மாதம் என் வாசலுக்குக் கரும்புக் கட்டு வருகிறது. அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நீ சொன்ன வாரத்தில் அந்தக் கிழவி ஒரு மணி நேரம் தமிழ் கேட்டிருக்கிறாள்.

சில நடைமுறைகள். அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தேநீர்தான் வரும், நீங்கள் தொடமாட்டீர்கள். வேண்டாம் என்று ஒரேயடியாக மறுத்தால் வீட்டுக்காரி முகம் சுருங்கும். வாசலிலேயே முந்திக்கொண்டு எலுமிச்சை இலை போட்ட வெந்நீர் கேள். பிஜிக்காரர்கள் அதைத்தானே காலையில் குடிக்கிறார்கள், உங்கள் விதிக்கும் பொருந்தும். பிஜி கிராமத்துக்குப் போகும்போது கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டை மரியாதையாக வைத்து அனுமதி கேட்கும் முறையை உள்ளூர்ச் சபைப் பெரியவரைக் கேட்டுச் செய். கிண்ணம் சுற்றி வரும்போது எப்படி மறுப்பது என்பதையும் அவரிடமே கேள். பாட்டி வீட்டுக்கு உங்கள் சேவை நேரத்தில் போகலாமே. புயலுக்குப் பிறகு அடித்த தகரம் ஆடுகிறது என்றாய். ஆணியை மேட்டில் அடி, பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். டோங்காப் பையன் ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான், ஏணியை அவன் பிடிக்கட்டும், நீ ஏறு.

அம்மா உன்னைத் தேற்ற ஒரு கதை சொல்லச் சொன்னாள். பசிபிக் தீவுகளுக்கு உங்கள் சபையிலிருந்து முதலில் போன கூட்டத்தில் அடிசன் பிராட் என்பவர் இருந்தார். பழைய திமிங்கல வேட்டைக் கப்பல்காரர். 1843இல் வீட்டை விட்டுக் கிளம்பி 1844 ஏப்ரலில் துபுவாய் தீவில் இறங்கினார். அங்கே அவர் பட்ட பாட்டையெல்லாம் அம்மா விரிவாகச் சொன்னாள். எனக்கோ அவர் மனைவி லூயிசாமேல்தான் கவனம் போயிற்று. நான்கு பெண் குழந்தைகளோடு அவள் பின்தங்கினாள். அவள் இருந்த ஊரிலிருந்து சபையாரைத் துரத்தினார்கள். வண்டி கட்டிக்கொண்டு புல்வெளிகளைக் கடந்து சால்ட் லேக் போய்ச் சேர்ந்தாள். கணவன் அவளை மறுபடி பார்த்தது 1848இல். பிறகு 1850இல் அவளே பெண்களோடு துபுவாய்க்குக் கப்பலேறி, அங்கே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். அந்த அம்மாளுக்கல்லவா சிலை வைக்க வேண்டும் என்றேன். உன் அம்மா முதன்முறையாக என்னோடு உடன்பட்டாள். 2019க்கு முன்பு உங்கள் ஊழியக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்கு ஃபோன் செய்யலாமாம். அப்போது நீ போயிருந்தால் இவளை நான் எப்படிச் சமாளித்திருப்பேனோ.

கடைசியாக ஒரு வேலை. பாட்டி தன் தாத்தாவின் எமிகிரேஷன் பாஸ் நகலை வைத்திருக்கிறாள் என்றாயே, பிஜித் தலைநகர் சுவாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து யாரோ வாங்கித் தந்தது. ஊர்ப் பெயர் என்னவென்று அவளுக்குப் படிக்கவே முடியவில்லை என்றாய். வம்சாவளி தேடுவதில் உலகத்திலேயே பெரிய அமைப்பை உங்கள் சபைதான் வைத்திருக்கிறது. அதுவும் 1894இல் தொடங்கியது, லம்பாசா ஆலை வயது. உனக்கும் அந்தப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். அதை இங்கே பயன்படுத்து. ஒரு நிபந்தனை: இறந்தவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் உங்கள் ஆலயங்களில் உண்டே, அந்தப் பட்டியலுக்கு அந்தத் தாத்தா பெயர் போகக் கூடாது. அவரவர் சொந்த முன்னோர் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் விதியே என்று அம்மா சொன்னாள். நல்ல விதி.

பாஸை வீட்டுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு. ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற மூன்று கட்டங்களையும் தனித்தனியாக நெருக்கி எடு. அப்பா பெயரும் வயதும் உள்ள வரியை விட்டுவிடாதே. குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பான், அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். வட ஆற்காடு என்ற மாவட்டமே இப்போது இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டது. சித்தூர்ப் பக்கம் 1911இலேயே தனி மாவட்டமாகப் போயிற்று, ஆகவே ஊர் ஆந்திராவிலும் இருக்கலாம். திருவண்ணாமலையில் என்னோடு வேலை பார்த்த கரும்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார், அந்தப் பக்கத்து வரப்பு வாய்க்கால் எல்லாம் அவருக்குத் தெரியும். படம் வந்ததும் அவரிடம் பேசுகிறேன். ஊர் உறுதியானால் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருகிறேன். பாட்டிக்கு அங்கே என்ன படம் வேண்டும் என்று முதலில் கேட்டு எழுது: கோயிலா, ஏரியா, வீடுகளா. எதையும் நீயாக முடிவு செய்யாதே.

அன்புடன்,
அப்பா